மஞ்சள் விளக்கும் பெட்ரோல் மூடியும்

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். பங்களா மேட்டிலிருந்து அது இறங்கி வரும் சத்தம் கேட்டால் பெரட்டுக் களத்தில் நிற்பவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். பிறகு பெரிய கிராணியார் வீட்டு வாசலில் ஒரு பழைய மோரிஸ் மைனர் வந்து நின்றது. இன்று நிலைமை வேறு. இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் குடும்பமானாலும் சரி, தோட்டம் துண்டாடப்பட்ட பின் டவுன் பக்கம் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பமானாலும் சரி, வாசலில் ஒரு காஞ்சிலோ, சாகாவோ, மைவியோ நிற்கிறது. மகள் அதை ஓட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் குடும்பமே கோயிலுக்குப் போகிறது.

காரை வாங்கினோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். முன்கண்ணாடியில் முருகன் படமும் ஒட்டியாகிவிட்டது. ஆனால் அந்தக் கார் நம்மோடு ஒரு பாஷை பேசுகிறதே, அதைக் கற்றுக்கொண்டோமா? மீட்டர் பலகையில் தெரியும் சின்னச் சின்ன விளக்குகளைத்தான் சொல்கிறேன். அவற்றுள் நம்மவர்களை அதிகமாகக் குழப்புவது ஒரு மஞ்சள் விளக்கு. இயந்திரத்தின் உருவம் என்று போட்டிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கோ அது ஹெலிகாப்டர் போலவும், குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி போலவும் தோன்றும். 'செக் எஞ்சின்' விளக்கு என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

இந்த விளக்கு எரிந்ததும் சிலர் பதறிப்போய், இருக்கிற சேமிப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடுகிறார்கள். வேறு சிலரோ, 'ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்' என்று அதன்மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டிவிடுகிறார்கள். இரண்டும் காசைக் கரைக்கும் வழிகள். ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் உங்கள் கையாலேயே தீர்க்கக்கூடிய ஒரு காரணம் இந்த விளக்குக்குப் பின்னால் இருக்கலாம். எண்ணெய் போட்ட பிறகு பெட்ரோல் மூடியைச் சரியாக முறுக்காமல் விட்டதுதான் அந்தக் காரணம். 'மூடிக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. சொல்கிறேன்.

மூடி என்ன வேலை செய்கிறது?

பெட்ரோல் சும்மா இருக்கும் திரவம் அல்ல. கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போய்விடும். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரின் டாங்கிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. அந்த ஆவி முன்பெல்லாம் அப்படியே வெளிக்காற்றில் கலந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இப்போதைய கார்களில் ஒரு கரிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் கருவாட்டு வாடை போவதற்கு நம் பெண்கள் ஒரு கரித்துண்டை வைப்பார்கள் அல்லவா? அதே தத்துவம்தான். விசேஷமாகப் பக்குவப்படுத்திய கரி அந்தப் பெட்டிக்குள் இருக்கும். டாங்கியில் எழும் ஆவியை அது உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் காரை ஓட்டும்போது எஞ்சின் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். காற்றும் கெடுவதில்லை, பெட்ரோலும் வீணாவதில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் இறுக மூடிய டப்பா போல இருந்தால்தான் வேலை செய்யும். டாங்கி, குழாய்கள், கரிப்பெட்டி என்று எல்லாம் சரியாக இருந்தாலும் வாயில் இருக்கும் மூடி தளர்ந்திருந்தால் அத்தனையும் வீண். ஆகவே பல கார்களில் உள்ள சிறிய கம்ப்யூட்டர், அந்த டப்பாவில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்கும். உள்ளே இருக்கும் காற்றை எஞ்சினால் கொஞ்சம் உறிஞ்சவிட்டு, வழிகளை அடைத்துவிட்டு, அந்த வெற்றிடம் நிற்கிறதா என்று கவனிக்கும். நிற்காவிட்டால் 'எங்கோ கசிகிறது' என்று தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். மறுபடியும் ஒரு முறை சோதித்து, அப்போதும் அப்படியே இருந்தால்தான் மஞ்சள் விளக்கைப் போடும். சனிக்கிழமை எண்ணெய் போட்டவர்களுக்குத் திங்கட்கிழமை விளக்கு எரிவதற்கு இதுதான் காரணம். நடுவில் இரண்டு நாள் போய்விட்டதால் மூடியின் ஞாபகமே நமக்கு வருவதில்லை.

அமெரிக்காவுக்கென்று செய்யப்படும் சில டொயோட்டா கார்களில், வண்டியை நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்து ஒரு சிறிய பம்பு தானாக ஓடி இந்தச் சோதனையைச் செய்யும். நடுராத்திரியில் யாருமில்லாத காரிலிருந்து 'உம்' என்று சத்தம் வந்தால், விஷயம் தெரியாதவர் பயந்துதான் போவார்!

அன்னாசிப்பழ ஆராய்ச்சியாளர்

இந்த மஞ்சள் விளக்கின் கதை தொடங்கியது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். 1940-களில் அந்த நகரத்தின்மேல் பழுப்பு நிறப் புகை கவிந்து நின்றது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது, வயலில் கீரை வகைகள் வாடின. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. அங்குள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ஹாலந்துக்கார இரசாயனப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? அன்னாசிப்பழத்தின் மணம்! ஜொகூரில் அன்னாசித் தோட்டப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு அந்த மணம் பழக்கமானதே. பழத்திலிருந்து எழும் மிகச் சிறிய அளவு ஆவியைப் பிடித்துப் பிரித்தறியும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. அதே வித்தையால் நகரத்துக் காற்றையும் அவர் ஆராய்ந்தார்.

1950-களின் தொடக்கத்தில் அவர் சொன்ன முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும், எரியாத பெட்ரோல் போன்ற பொருள்களின் ஆவி, எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் வாயுக்களோடு சேர்ந்து, சூரிய வெளிச்சத்தில் மாறி அந்தப் புகைமூட்டமாகிறது என்றார் அவர். எதிர்ப்பு இருந்தது, ஆனால் உண்மை நின்றது. 1968-இல் கலிபோர்னியா அரசு காற்றைக் காக்க ஒரு வாரியம் அமைத்தபோது அதன் முதல் தலைவராக இவரையே நியமித்தார்கள். 1970-ஆம் ஆண்டின் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், மறு ஆண்டு அமெரிக்கா முழுவதிலும், டாங்கி ஆவியைத் தடுக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. 1996 முதல் அங்கே விற்கும் புதிய கார்கள் தம் கோளாறுகளைத் தாமே கண்டறிந்து விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். 1 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே கண்டுபிடிக்க வேண்டும் என்றிருந்தது; சில ஆண்டுகளில் அதையும் அரை மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். தையல் ஊசி போகும் ஓட்டைக்கே விளக்கு எரியும் என்றால், அரைகுறையாக முறுக்கிய மூடி எம்மாத்திரம்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் ஓடும் எல்லாக் கார்களிலும் இந்தக் கசிவுச் சோதனை கிடையாது. கரிப்பெட்டி இருந்தும் சோதனை இல்லாத வண்டிகள் உண்டு. அப்படிப்பட்ட காரில் மூடியே இல்லாமல் ஓட்டினாலும் விளக்கு வராது. உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பார்க்கலாம். சில புதிய வண்டிகள் வெறும் விளக்கோடு நிற்காமல், மூடியைப் பார்க்கச் சொல்லி எழுத்திலேயே காட்டும். டாங்கியில் பெட்ரோல் குறைந்தால் எரியும் பம்பு படம் போட்ட விளக்கு வேறு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் பம்பு படத்தின் அருகில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் காரின் பெட்ரோல் வாய் எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது. பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவர்களிலும் பலர் இதைக் கவனித்ததில்லை!

விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு விளக்கு என்றால், அது எஞ்சின் எண்ணெய்க் குவளை படமாகவோ வெப்பமானி படமாகவோ இருந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வீடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்கக் கூடாது. அந்தக் கொஞ்ச தூரத்தில் எஞ்சினே போய்விடும். மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தால் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் அதே மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் சங்கதி வேறு. பெட்ரோல் சரியாக எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் பாகம் ஒன்று உண்டு. அது சூடேறிக் கெட்டுவிட்டால் மாற்றுவதற்குச் செலவு பெரிது. வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, பட்டறையைக் கூப்பிடுங்கள். மூடிக்கும் இந்த மின்னலுக்கும் சம்பந்தமில்லை.

விளக்கு அசையாமல் எரிகிறது, வண்டியும் வழக்கம்போல ஓடுகிறது என்றால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெட்ரோல் மூடியைக் கழற்றுங்கள். கழற்றும்போது 'புஸ்' என்று கொஞ்சம் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. சத்தம் பலமாக, ஒவ்வொரு முறையும் வந்தால் பட்டறையில் சொல்லுங்கள். மூடியில் உள்ள காற்று வால்வோ ஆவி போகும் வழியோ அடைபட்டிருக்கலாம்.

மூடியின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பால்மரம் சீவிப் பிழைத்த நமக்கு ரப்பரைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெயிலும் பெட்ரோலும் பட்டுப் பட்டு அது காய்ந்து, வெடித்து, தட்டையாகிப் போயிருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மூடியை மாற்ற வேண்டியதுதான். மண், தூசு இருந்தால் சுத்தமான காய்ந்த துணியால் மூடியையும் டாங்கி வாயின் விளிம்பையும் துடையுங்கள். செம்பனைக் காட்டுப் பாதையில் போய்வரும் வண்டிகளில் செம்மண் தூள் அங்கே அப்பிக்கொண்டிருப்பது சகஜம். மூடி தொலையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வார் கட்டியிருப்பார்கள். அந்த வார் மூடிக்கும் வாய்க்கும் இடையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அதை விலக்கிவிட்டு, மூடியை நேராக வைத்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும்வரை முறுக்குங்கள். அதற்கு மேல் பலத்தைக் காட்ட வேண்டாம்.

சரி, மூடியை முறுக்கியாயிற்று. மறுபடி சாவியைத் திருப்பினால் விளக்கு இன்னும் எரிகிறதே என்று மனம் தளராதீர்கள். கம்ப்யூட்டர் சந்தேகப் பிராணி. வண்டி ஆறிய நிலையிலிருந்து கிளப்பி ஓடும் நேரங்களில் அது மறுபடி சோதித்து, தொடர்ந்து மூன்று முறை சரியாக இருந்தால்தான் விளக்கை அணைக்கும். டாங்கி நிரம்பி வழியும்போதும், அடிமட்டத்தில் இருக்கும்போதும் அது சோதிப்பதில்லை. பாதி டாங்கி எண்ணெயோடு நாலைந்து நாள் வழக்கம்போல ஓட்டிப் பாருங்கள். பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அணையலாம், ஆனால் கோளாறு எழுதிவைத்த கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும். பிறகு பட்டறைக்காரர் எதை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பார்?

ஒரு வாரம் ஆகியும் விளக்கு அணையவில்லை என்றால் குற்றவாளி வேறாக இருக்கலாம். அப்போது பட்டறைக்குப் போகத்தான் வேண்டும்.

பட்டறையில் என்ன கேட்பது?

எல்லாப் பட்டறைக்காரர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளே எத்தனையோ பேர் போமனாக நேர்மையாகத் தொழில் செய்கிறார்கள். ஆனாலும் விவரம் தெரியாமல் போய் நிற்பவருக்கும், இரண்டு கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. இப்படி நினைத்துப் பாருங்கள்:

"அண்ணே, இந்த விளக்கு ரெண்டு நாளா எரியுதுண்ணே."

"சென்சர் போயிருக்கும் தங்கச்சி. விட்டுட்டுப் போ, மாத்தி வைக்கிறேன்."

இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. "மிசின் போட்டுப் பார்த்தீங்களாண்ணே? என்ன நம்பர் காட்டுது, எழுதிக் கொடுங்க" என்று கேட்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் பலகைக்குக் கீழே ஒரு சொருகுவாய் இருக்கிறது. அதில் சிறு கருவியை மாட்டினால் கோளாறுக்குரிய எண் தெரியும். பி 0457 என்று வந்தால் மூடி தளர்ந்ததால் உண்டான கசிவு என்று சந்தேகம். பி 0455 என்றால் பெரிய கசிவு; அதற்கும் மூடி காரணமாக இருக்கலாம். பி 0442 என்றால் சிறிய கசிவு. வெடித்த ரப்பர் வளையமோ பழைய குழாயோ இருக்கலாம். இந்த எண்களில் ஒன்று வந்தால், விலை உயர்ந்த பாகம் எதையும் மாற்றச் சம்மதிக்கும் முன் மூடியைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். எண் என்பது கசியும் இடத்தை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. இன்ன பகுதியில் தேடு என்றுதான் சொல்கிறது. தேடாமலே பாகத்தை மாற்றுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

புது மூடி வாங்குவதானால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஏதோ ஒன்று வாயில் பொருந்துகிறது என்பதற்காக வேறு காரின் மூடியைப் போட்டால் அதே விளக்கு திரும்ப வரும். மூடி தொலைந்துபோன அன்றைக்குத் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அது பெரிய ஆபத்து. துணி பெட்ரோலை உறிஞ்சித் திரியாகிவிடும். பிளாஸ்டிக் பையும் உதவாது. அருகில் உள்ள உதிரிப்பாகக் கடை வரைக்கும் ஓட்டிப் போய் மூடி வாங்குவதே உத்தமம். மழை நாளில் மூடியில்லாமல் நின்றால் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வண்டி தும்மித் தும்மி நின்றுவிடும்.

எண்ணெய் போடும்போது நமக்கு இன்னொரு பழக்கம் உண்டு. குழாய் 'டக்' என்று தானாக நின்ற பிறகும், கணக்கு முழு வெள்ளியாக வரட்டும் என்று இன்னும் நாலு முறை அழுத்துவது! தானாக நின்றால் போதும் என்று பொருள். அதற்குமேல் திணித்தால் பெட்ரோல் திரவமாகவே கரிப்பெட்டிக்குள் போய்க் கரியைக் கெடுத்துவிடும். சிங்கப்பூர் கார்கள் எல்லை தாண்டி வரும்போது டாங்கியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்பது 1991-லிருந்து அந்நாட்டின் சட்டம். ஆனாலும் ஜொகூர் பாருவில் அவர்களில் சிலர் காரையே ஆட்டி ஆட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். மிச்சம் பிடிக்கிற காசு கரிப்பெட்டி மாற்றும் செலவுக்குக் காணுமா என்பதை அவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குளிர்சாதனம் வேண்டுமென்று எஞ்சினை ஓடவிட்டபடியே எண்ணெய் போடுவதும் கூடாது. தீ ஆபத்து ஒருபக்கம் இருக்க, சில வண்டிகளில் அதனாலேயே இந்த மஞ்சள் விளக்கு எரிந்துவிடும்.

காருக்குள் எப்போதும் பெட்ரோல் வாடை அடித்தால், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் கவனிக்க வேண்டும். அந்த ஆவியில் பென்ஸீன் என்ற பொருள் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் அது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து போய்த் தேங்கும். வண்டிக்குப் பூசை போடும்போது கற்பூரத்தட்டை வாடை அடிக்கும் பக்கத்தில் கீழே வைக்காதீர்கள். அதே காரணத்தால், புல்வெட்டும் மிசினுக்கென்று பெட்ரோலைச் சர்பத் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைப்பதையும் இன்றே நிறுத்துங்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நுரையீரலுக்குள் போகும். நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, பழைய கார் வாங்கப்போகும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். இரண்டாம் கை வண்டியில் இந்த விளக்கைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்பினால் மீட்டர் பலகையில் உள்ள விளக்குகள் வரிசையாக எரியும். மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரிய வேண்டும். கிளப்பியதும் அது அணைய வேண்டும். முதலிலேயே அது எரியாவிட்டால், பல்பைக் கழற்றியோ ஒயரை வெட்டியோ கோளாற்றை மறைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். முதல் நாள்தான் கருவியால் கணக்கை அழித்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு. ஆகவே தெரிந்த போமன் ஒருவரைக் கருவியோடு கூட்டிப்போய், சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் அழித்திருந்தால், சோதனை முடியவில்லை என்று கருவி காட்டிக்கொடுத்துவிடும். அவர் அதைப் பார்க்கிற நேரத்தில் நீங்கள் பின்பக்கம் போய், பெட்ரோல் மூடியைக் கழற்றி, அந்த ரப்பர் வளையத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.